செட்டிநாட்டு வீட்டு விடுதிகள்: முன்பதிவுக்கு முன் என்ன கேட்க வேண்டும்?

தென்னூர்வாசி:

தை மாதத்தில் ஒரு வார இறுதியைப் பெற்றோருடன் செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்றில் கழிக்க எண்ணியிருக்கிறேன். கானாடுகாத்தான், காரைக்குடி, கொத்தமங்கலம், கடியாபட்டி ஆகிய ஊர்களில் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வீடுகள் சில தங்கும் விடுதிகளாக நடைபெறுவது இங்குள்ள பலருக்கும் தெரிந்ததே. ஆனால் இணையத்தில் உள்ள படங்களைக் கொண்டு ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய என்னால் இயலவில்லை. எல்லாவற்றிலும் பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கற்கள், முற்றத்தின் ஓரத்தில் பூ மிதக்கும் உருளி ஆகியவையே காட்டப்படுகின்றன. வாடகையோ மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது.

அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. அம்மா சைவ உணவு மட்டுமே உண்பவர். நீச்சல்குளத்தில் இருவருக்கும் நாட்டமில்லை. அத்தகைய வீடுகளில் ஒரு காலத்தில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும் என்பதே அவர்களின் விருப்பம். பணம் கட்டுவதற்கு முன் விடுதியாரிடம் எவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறுமாறு வேண்டுகிறேன்.

பாதசாரி:

குறை சொல்வதில் முதலாமவன் நானாகவே இருந்துவிடுகிறேன். அந்தப் பகுதியில் ஒரு வீட்டு விடுதியில் குடும்பத்துடன் தங்கினேன், பெயர் வேண்டாம். கொடுக்கப்பட்ட அறைக்கு ஒரே ஒரு சன்னல் இருந்தது, அதுவும் உள்முற்றத்துத் தாழ்வாரத்தைப் பார்த்தது. திரையை விலக்கினால் நடந்து செல்லும் எவரும் எங்கள் கட்டிலைப் பார்க்கலாம்; மூடிவிட்டால் நண்பகலிலும் விளக்கைப் போட வேண்டும். மாலையில் அந்த முற்றத்தைத் திருமணப் படப்பிடிப்பு ஒன்றுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். நாங்கள் குறுக்கே போய்விடக் கூடாது என்பதற்காக, விளக்குகளையும் குடைகளையும் அவர்கள் எடுத்துச் செல்லும்வரை அறைக்குள்ளேயே இருக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், அந்த இரவின் பெரும்பகுதியை நான் விலை கொடுத்து வாங்கிய இருட்டறையில்தான் கழித்தேன்.

ஆகவே என் கருத்து இது. நுழைவுக் கட்டணம் செலுத்தி ஆத்தங்குடியில் உள்ள பெரிய வீட்டைப் பகலில் பாருங்கள், கானாடுகாத்தான் தெருக்களில் காலாற நடங்கள், இரவில் காரைக்குடியில் வெளிச்சமும் காற்றும் உள்ள ஒரு சாதாரண விடுதியில் உறங்குங்கள். வீட்டைப் பார்ப்பதற்கு அந்த வீட்டிலேயே படுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கோட்டையூரான்:

பாதசாரி ஐயா கூறும் குறை உண்மையானது. ஆனால் அதற்கான காரணம் அந்த விடுதியாரின் கஞ்சத்தனத்தைவிடப் பழையது. எங்கள் வீடு இன்னும் பங்காளிகள் பலரின் பெயரில் பூட்டியபடி இருக்கிறது. அதில் வளர்ந்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நகரத்தார் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது. தெருவை ஒட்டி உயர்ந்த படிகள், பிறகு முகப்பும் திண்ணையும், அங்கே ஆடவர் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் பேசும் இடமும் கணக்கு எழுதும் இடமும். நிலைக்கதவைக் கடந்தால் வளவு, அதாவது வானம் பார்த்த உள்முற்றம். வளவைச் சுற்றிலும் தூண்கள் தாங்கிய தாழ்வாரமான பத்தி, அதை ஒட்டி வரிசையாக அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, அது பெண்களும் பிள்ளைகளும் புழங்கியது. இறுதியில் அடுப்படியும் கிணறும். திருமணமான ஒவ்வொரு மகனும் தன் மனைவியுடன் சேர்ந்து ஒரு புள்ளி ஆகிறான். கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுவதும் அந்தக் கணக்கில்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில் அறை உண்டு. எங்கள் வழக்கத்தில் ‘வேறு வைத்தல்’ என்று ஒன்று இருக்கிறது: புதுமணத் தம்பதியர் அதே கூரையின்கீழ் தனி அடுப்பு மூட்டித் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். வெளியார் கூட்டுக் குடும்பம் என்று எண்ணிய அந்த வீடு உண்மையில் பல அடுப்புகள் எரிந்த வீடு.

இப்போது அறைக்கு வருகிறேன். அந்த அறை உறங்குவதற்காகக் கட்டப்பட்டதே அன்று. மணமகள் கொண்டுவந்த பித்தளை, வெள்ளி, பட்டு, பாய், பீங்கான், எனாமல் பாத்திரங்கள் எல்லாம் அங்கே பூட்டி வைக்கப்பட்டன. எங்கள் திருமணங்களில் சாமான் பரப்புவதைக் கண்டவர்களுக்கு அவற்றின் அளவு தெரியும். இளந்தம்பதியர் தனிமைக்கு அந்த அறையைப் பயன்படுத்தினார்கள். மற்றவர்கள் அனைவரும் பத்தியிலும் பட்டாலை என்னும் கூடத்திலும் பாய் விரித்துப் படுத்தார்கள். வெயில் காலத்தில் வளவின் ஓரத்துக்கு வந்து காற்று வாங்கினார்கள். சன்னல் சிறியதாக இருந்ததற்குப் பாதுகாப்பே காரணம். இன்று விடுதியார் அந்தப் பெட்டக அறைக்குள் கட்டிலைப் போட்டு அதற்கு வாடகை வாங்கும்போது, வீட்டிலேயே மிகவும் குறைவாக வாழப்பட்ட பகுதியைத்தான் விருந்தினருக்கு ஒதுக்குகிறார்கள்.

எனவே தென்னூர்வாசி கேட்க வேண்டிய முதல் கேள்வி அறையைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. வளவும் பத்தியும் முகப்புத் திண்ணையும் இரவு பத்து மணிக்கும் காலை ஐந்தரை மணிக்கும் தங்கியிருப்பவருக்குத் திறந்திருக்குமா, அங்கே அமர நாற்காலியோ சாய்வதற்கு ஊஞ்சலோ இருக்கிறதா, அன்றைக்குப் படப்பிடிப்போ விருந்தோ ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தால் அறை சிறிதாக இருந்தாலும் குறையில்லை. பகலில் சீட்டு வாங்கிப் பார்ப்பவருக்குக் கிடைக்காதது இந்த விடியற்காலைதான். அதனால்தான் அந்த வீட்டிலேயே படுப்பதற்குப் பணம் கொடுக்கிறோம்.

சுண்ணாம்புக்காரன்:

பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையில் இருக்கிறேன். விருந்தினர் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் உடலுக்குத் தெரியவரும் சில விவரங்களைச் சேர்க்கிறேன்.

இந்த வீடுகளுக்குள் ஆதியில் குளியலறையோ கழிப்பறையோ கிடையாது. அவையெல்லாம் பின்கட்டுக்கு அப்பால் இருந்தவை. விடுதியாக மாற்றும்போது ஒவ்வோர் அறைக்கும் ஒன்று வேண்டும் என்றாகிறது. பழைய தளத்தை உடைக்க மனமில்லாத நல்ல பணியாளர்கள், அதன்மீது ஒரு மேடையை எழுப்பி அந்த மேடைக்குள் குழாய்களை ஓட்டுவார்கள். வீட்டுக்கு அது நல்லது. ஆனால் குளியலறை வாசலில் ஒரு படி உருவாகிவிடும், இரவில் அரைத்தூக்கத்தில் எழுந்து செல்லும் முதியவருக்கு அந்தப் படி ஆபத்து. ஏற்கெனவே ஒவ்வொரு கதவு நிலைக்கும் அடியில் மரத்தாலான வாசற்படி குறுக்கே நிற்கும். அதையும் தாண்ட வேண்டும். ஆகவே தந்தையாருக்காகத் தரைத்தளத்து அறை கேட்பது மட்டும் போதாது. தெருவிலிருந்து கட்டில்வரை எத்தனை படிகள், கைப்பிடி எங்கெங்கே உள்ளது, பின்தெரு வாசல் வழியாகத் தாழ்வாக நுழைய முடியுமா என்பவற்றையும் கேளுங்கள். பின்வாசல் பெரும்பாலும் இருக்கும், கேட்டால்தான் திறந்துவிடுவார்கள்.

அடுத்தது சுவர். நீற்றிய சுண்ணாம்பில் கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துப் பல பூச்சுகளாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெண்கரு கலந்து வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றியவை இந்தச் சுவர்கள். நூறாண்டு கழித்தும் கை வைத்தால் குளிர்ச்சி தெரியும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதில் ஓட்டை விழுந்த இடத்தைச் சிமெண்ட்டால் அடைத்தால் ஈரம் வெளியேற வழியின்றி அருகிலுள்ள பழைய பூச்சையும் உப்புப் பூக்கச் செய்து உரித்துவிடும். அறைக்குள் நுழைந்தவுடன் குளியலறையை ஒட்டிய சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே பொருக்கு உதிர்ந்திருந்தால், அல்லது அந்த ஓர் இடம் மட்டும் பளிச்சென்று பிளாஸ்டிக் வண்ணம் பூசப்பட்டிருந்தால், அவ்வீட்டின் பராமரிப்பு எத்தகையது என்பது உங்களுக்குப் புரிந்துவிடும். ஈர வாடையும் கூடவே இருக்கும்.

குளிர்சாதனத்தைப் பொறுத்தவரை, தை மாதத்தில் அது தேவைப்படாது. உயர்ந்த கூரை, கனத்த சுவர், வளவின் வழியே மேலெழுந்து வெளியேறும் வெப்பக் காற்று ஆகிய மூன்றும் சேர்ந்து வீட்டைத் தணிக்கின்றன. சில விடுதிகளில் குளிர்சாதனத்துக்காக உயர்ந்த கூரையை மறைத்துத் தாழ்வான பொய்க்கூரை அடித்திருக்கிறார்கள். அது இல்லாத அறையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கண்ணாடித் தகட்டின் மீது வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் உள்ளூர் மணலும் சேர்த்து வார்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்திய கல் அது. நடக்க நடக்கவும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்கவும் மெருகு ஏறும். மெருகேறிய கல்லில் ஈரக்காலுடன் நடப்பது உங்கள் தந்தையாருக்கு வேண்டாம்.

தென்னூர்வாசி:

இருவருக்கும் நன்றி. குளியலறைப் படியைப் பற்றி நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. இன்னும் ஒரு கேள்வி எழுகிறது. வெளிநாடுகளில் இத்தகைய வீடுகளில் உரிமையாளரே குடியிருந்து, காலையில் தம் கையால் உணவு பரிமாறி, வீட்டின் கதையைச் சொல்வார் என்று படித்திருக்கிறேன். செட்டிநாட்டிலும் அப்படித்தானா, அல்லது சீருடை அணிந்த பணியாளர்கள்தானா?

வழிகாட்டிக்கல்:

இரண்டும் உண்டு, அரசு விதிமுறைகளும் இரண்டையும் வேறுவேறாகவே பார்க்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘படுக்கையும் காலை உணவும்’ திட்டத்தில் பதிவு செய்ய வேண்டுமானால் உரிமையாளர் குடும்பம் அவ்வீட்டிலேயே வசிக்க வேண்டும். வாடகைக்கு விடும் அறைகள் ஒன்றிலிருந்து ஆறுக்குள் இருக்க வேண்டும். பாரம்பரிய விடுதி என்ற வகைப்பாடு வேறு: கட்டடம் 1950-க்கு முன் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும், முகப்பும் அமைப்பும் அந்தந்த வட்டாரத்தின் மரபைக் காட்ட வேண்டும், உரிமையாளர் அங்கே வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. செட்டிநாட்டில் பெயர் பெற்ற விடுதிகள் பெரும்பாலும் இரண்டாம் வகையின் இயல்பைக் கொண்டவை, ஏனெனில் வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள்.

ஒன்றுபோலத் தெரிகின்றன என்றீர்கள். அவற்றின் பிறப்பு ஒன்றல்ல. காரைக்குடியில் உள்ள பங்களா என்னும் விடுதி 1999-இல் தொடங்கியது. அது வளவு வீடாகப் பிறக்கவில்லை, ஆடவர் கூடவும் விருந்தினர் தங்கவும் எழுந்த கட்டடம். இந்த வட்டாரத்தில் பழைய கட்டடத்தை விடுதியாக்கிக் காட்டிய முன்னோடிகளுள் அது ஒன்று. புகழெல்லாம் அதன் வாழையிலை விருந்துக்கே. கானாடுகாத்தானில் உள்ள விசாலம், ஒரு தந்தை தம் மகளுக்காகக் கட்டிய வீடு. காலத்தால் பிந்தியது, ஆகவே ஆர்ட் டெகோ என்னும் மேலைநாட்டுக் கட்டடப் பாணியில் பெரிய சன்னல்களும் வெளிச்சமான அறைகளும் கொண்டது. அதைக் கேரளத்தைச் சேர்ந்த விடுதி நிறுவனம் நடத்துகிறது. பாதசாரி ஐயாவைப் போல இருட்டை வெறுப்பவர்களுக்கு அது பொருந்தும். கொத்தமங்கலத்துச் சாரதா விலாஸ் ஏறத்தாழ 1910-ஐச் சேர்ந்தது; பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் அதைச் செப்பனிட்டு விடுதியாக்கினார்கள். திருமயத்துக்கு அருகில் கடியாபட்டியை ஒட்டிய இராமச்சந்திரபுரத்தில் உள்ள சிதம்பர விலாஸ், கட்டு கட்டாக நீளும் பெரிய வீடு என்றால் என்ன என்பதைப் பார்ப்பதற்கு ஏற்றது. இவை தவிர, குடும்பத்தாரே ஒன்றிரண்டு அறைகளை விடும் சிறிய வீடுகளும் உண்டு. அவற்றில் வசதி குறைவாக இருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்ட வீட்டுக்கதை அங்கேதான் கிடைக்கும்.

மீனாள் ஆச்சி பேத்தி:

கோட்டையூரான் அண்ணன் எழுதியவற்றில் ஒன்று விடுபட்டுள்ளது. ஆண்பிள்ளை எழுதினால் அது விடுபடத்தான் செய்யும். வளவின் அறைகள் மகன்களுக்கு. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த மகளுக்கு அங்கே அறை கிடையாது. அவள் சாமான்களோடு வேறு வீட்டுக்குப் போவாள்; பிறகு நல்லது கெட்டதுக்கு விருந்தாளியாக வருவாள், பத்தியில் படுப்பாள், போவாள். 1989-இல் தமிழ்நாட்டில் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திப் பெண்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். ஆயினும் அதற்கு முன்பே திருமணமாகிவிட்ட எங்கள் அம்மா தலைமுறைக்கு அந்தத் திருத்தத்தால் பயனில்லாமல் போயிற்று. மகளுக்கென்று ஒரு தந்தை வீடு கட்டிய செய்தியை விடுதியின் விளம்பரத்தில் சுவையான துணுக்காகப் படிக்கிறீர்கள். அது எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பது வெளியாருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எனக்கு நெருங்கிய உறவில் ஒரு வீடு விடுதியாகிவிட்டது. முதன்முறை அங்கே பணம் கட்டித் தங்கியபோது, என் அம்மா பிறந்த வீட்டில் அவருக்கென்று ஓர் அறையின் சாவி கையில் கொடுக்கப்பட்டது. அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பெட்டியை வைத்துவிட்டுக் கதவை உள்ளிருந்து தாழிட்டுத் திறந்து பார்த்தார். வீடு விடுதியாவதை எதிர்த்துப் பேசும் என் தம்பிமார் எல்லாருக்கும் நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் ஏற்பதாகக் கொள்ள வேண்டாம். முன்னோருக்குப் படைப்பு நடக்கும் இடத்தில் காலணியுடன் நுழைவது, சாமி அறையைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொள்வது, அடுப்படியில் வேலை செய்யும் பெண்களைக் கேட்காமலே படம் பிடிப்பது ஆகியவை இன்றும் நடக்கின்றன. தென்னூர்வாசி தங்கப்போகும் வீட்டில் எந்தெந்தப் பகுதிகள் இன்னும் குடும்பத்தின் வழிபாட்டில் இருக்கின்றன என்பதைக் கேட்டு வைத்துக்கொண்டால், அம்மாவும் அப்பாவும் சங்கடமின்றி நடமாடலாம்.

பாதசாரி:

அறையின் வரலாறு எனக்குப் புதிது. கோட்டையூரான் ஐயாவுக்கும் அம்மையாருக்கும் நன்றி. இருப்பினும் ஒரு கேள்வியை விடமுடியவில்லை. ‘பாரம்பரியத்தைக் காக்கிறோம்’ என்பது எல்லா விடுதிகளின் விளம்பரத்திலும் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குச் சென்று பாருங்கள்: நிலைக்கதவுகள், தூண்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், எனாமல் தூக்குகள், சாமிப் படங்கள் எல்லாம் இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்து குவிந்து கிடக்கின்றன. அவற்றை வாங்குவோரில் விடுதி நடத்துவோரும் உண்டு. நான் படுத்த கட்டிலின் தலைமாடு ஒரு பழைய கதவு. அது அந்த வீட்டின் கதவு அன்று என்று பணியாளரே பெருமையாகச் சொன்னார். ஒரு வீட்டை அழகாக்குவதற்கு நான்கு வீடுகளின் எலும்பை எடுத்தால் அதைக் காப்பது என்று சொல்லலாமா?

கோட்டையூரான்:

நியாயமான கேள்வி. கதவு வாங்குவதால்தான் வீடு இடிக்கப்படுகிறது என்று மட்டும் எண்ண வேண்டாம். வீடு வேறு காரணங்களால் விழுகிறது, கதவு பிறகு கடைக்குப் போகிறது.

இந்த வீடுகளைக் கட்டிய பணம் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் இந்தோசீனாவிலும் வட்டித் தொழிலில் ஈட்டியது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல், கைக்கு வந்ததெல்லாம் நெல்வயல்களாக வந்து சேர்ந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது அவற்றையும் விட்டுவிட்டு நடந்து திரும்பினார்கள். 1962-க்குப் பிறகு அந்த நாட்டு ராணுவ ஆட்சி வங்கிகளையும் வணிகத்தையும் அரசுடைமை ஆக்கியதோடு மிச்சமிருந்த நம்பிக்கையும் போயிற்று. வருமானம் நின்றுவிட்டது, வீட்டில் பங்கு பிரிவது மட்டும் நிற்கவில்லை. தாத்தாவுக்கு நான்கு மகன்கள், அவர்களுக்கு மும்மூன்று மகன்கள் என்றால், மூன்றாம் தலைமுறையில் ஒரு கூரை மாற்றுவதற்குப் பன்னிரண்டு பேரின் சம்மதம் வேண்டும். அவர்கள் நான்கு நாடுகளில் இருப்பார்கள். இருவர் தங்களுக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஓடு மாற்றப்படாமல் ஒரு மழைக்காலம் போனால் உத்தரத்தில் நீர் இறங்கும். மூன்று மழைக்காலம் போனால் தேக்கும் தாங்காது. அதன் பிறகு தூணை விற்று வரும் பணத்தைப் பங்கு போடுவதில் மட்டும் பன்னிரண்டு பேரும் ஒத்துப்போவார்கள்.

செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்த்தார்கள். பட்டியல் மதிப்பைத் தரும். ஓடு மாற்றித் தராது. அந்நிலையில் ஒருவர் நீண்டகாலக் குத்தகைக்கு வீட்டை எடுத்து விடுதியாக நடத்த முன்வரும்போது, ஆண்டுதோறும் ஓடு பார்க்கப்படும் என்ற உறுதியாவது குடும்பத்துக்குக் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான வீடுகள் உள்ள செட்டிநாட்டில் விடுதியாகக் கூடியவை மிகச் சிலவே என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டை விடுதியாக்கலாம் என்று நானே பேசிப் பார்த்தேன். ஒரே ஒரு பங்காளி கையெழுத்திட மறுக்கிறார். அவர் சொல்லும் காரணம், வருடத்தில் ஒரு முறை படைப்புக்கு எல்லாரும் கூடும்போது எங்கே படுப்பது என்பது. கோபம் வருகிறது, ஆனால் அவர் கேட்பதில் தவறு இல்லை. படைப்பு நாள்களில் விடுதியை மூடிக் குடும்பத்துக்கு விட வேண்டும் என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதிக்கொண்ட வீடு ஒன்றை அறிவேன். அதைக் காட்டித்தான் அவரிடம் மறுபடியும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சுண்ணாம்புக்காரன்:

பழைய கதவைப் பற்றி ஒரு சொல். பாழடைந்த வீட்டிலிருந்து வந்த தேக்கை மற்றொரு வீட்டின் செப்பனிடும் வேலைக்குப் பயன்படுத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தரத்தில் புதிய மரம் கிடைப்பதில்லை, உத்தரம் மாற்ற வேறு வழியும் இல்லை. கட்டிலின் தலைமாட்டில் அலங்காரமாக மாட்டுவது வேறு செயல். விடுதியாரிடம் “இந்தத் தூண் இவ்வீட்டுக்கு உரியதா?” என்று கேட்டுப் பாருங்கள். நேர்மையாகப் பதில் சொல்பவரின் வீட்டில் பொதுவாக மற்ற வேலைகளும் நேர்மையாகவே நடந்திருக்கும்.

தென்னூர்வாசி:

விவாதம் நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாகச் சென்றதில் மகிழ்ச்சி. குடும்பத்தாரே நடத்தும் சிறிய வீடு ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தொலைபேசியில் பேசினேன். தெருவில் ஆறு படிகள், பின்வாசலில் இரண்டே. குளியலறையில் படி உண்டு, ஆனால் கைப்பிடி வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். வளவு இரவு முழுவதும் திறந்திருக்குமாம். இனி உணவைப் பற்றியும் போக்குவரத்தைப் பற்றியும் யாரேனும் கூறினால் உதவியாக இருக்கும். செட்டிநாட்டு உணவு என்றாலே அசைவம்தான் என்ற அச்சம் அம்மாவுக்கு இருக்கிறது.

மீனாள் ஆச்சி பேத்தி:

அந்த அச்சத்தை உணவகப் பலகைகள் ஏற்படுத்தியிருக்கின்றன. எங்கள் விசேட வீடுகளின் பந்தி சைவப் பந்தியே. காலையில் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், இடியாப்பம், பால் பணியாரம் ஆகியவற்றில் எது முடியும் என்று முந்திய மாலையே கேளுங்கள். மாவு ஊற வேண்டும், உடனே கேட்டால் இட்லிதான் வரும். மதியத்துக்கு அரிசி களைந்த நீரில் புளியும் சேர்த்துச் செய்யும் மாங்காய் மண்டி அல்லது வெண்டைக்காய் மண்டி கேளுங்கள். தை மாதத்தில் மாங்காய் கிடைப்பது அரிது, ஆகவே வெண்டைக்காயே நிச்சயம். பர்மாவிலிருந்து வந்த கறுப்புக் கவுனி அரிசி இனிப்பாகச் செய்வதற்கு முதல்நாள் இரவே ஊற வேண்டும். சைவ உணவுக்கான பாத்திரங்கள் தனியாக உள்ளனவா என்பது அம்மாவுக்கு முக்கியமானால் அதையும் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். எவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வழிகாட்டிக்கல்:

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரில் வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் கானாடுகாத்தான் சேரலாம். ரயிலில் வர விரும்பினால் கானாடுகாத்தானுக்கு அருகிலேயே செட்டிநாடு என்ற சிறிய நிலையம் உண்டு; எல்லா வண்டிகளும் அங்கே நிற்பதில்லை, ஆகவே காரைக்குடி சந்திப்பில் இறங்கி வாடகைக் கார் வைத்துக்கொள்வது பெற்றோருக்கு எளிது. சென்னையிலிருந்து யாரேனும் சேர்ந்துகொள்வதானால் பல்லவன் விரைவு வண்டி காரைக்குடிவரை வருகிறது. வழியில் திருமயத்தில் குடைவரைகளைப் பார்க்கலாம். கோட்டைக்கு ஏறுவதை அப்பாவின் முழங்காலை எண்ணித் தவிர்த்துவிடுங்கள். பிள்ளையார்பட்டியை மறுநாள் காலை சீக்கிரம் முடித்தால் கூட்டத்துக்கு முன் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். மாலைக்கு எதையும் வைத்துக்கொள்ளாமல் வளவுக்கு விட்டுவிடுங்கள்.

கோட்டையூரான்:

ஒரு நினைவூட்டல். தை முகூர்த்த மாதம். நீங்கள் பேசிய வீட்டில் விசேடம் எதுவும் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் கல்யாணம் இருந்தால் விடியற்காலை நாலு மணிக்கே நாதசுரமும் ஒலிபெருக்கியும் தொடங்கிவிடும். பூட்டிக் கிடக்கும் வீடுகள் அந்த மாதத்தில்தான் திறக்கப்படுகின்றன. பஞ்சாங்கத்தில் முகூர்த்தமில்லாத சனி, ஞாயிறு ஒன்றைப் பார்த்து, அதே தேதிகளில் தெருவில் ஏதேனும் திருமணம் உண்டா என்று வீட்டுக்காரரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டு முன்பணம் அனுப்புங்கள்.

மீனாள் ஆச்சி பேத்தி:

அண்ணன் சொல்வதற்கு நேர்மாறாக ஒன்று சொல்கிறேன். முகூர்த்தம் இருக்கும் தேதியையே பார்த்துப் போங்கள். கல்யாண வீட்டு வாசலில் நின்று “வெளியூர்க்காரர்கள், பார்க்க வந்தோம்” என்று சொன்னால் பந்தியில் உட்காரவைக்காமல் அனுப்பமாட்டார்கள். சாமான் பரப்பியிருப்பதை அம்மாவுக்கு எங்கள் பெண்களே கூட்டிச் சென்று காட்டுவார்கள். அப்பாவுக்குப் பஞ்சு மட்டும் எடுத்துச் செல்லுங்கள், காதுக்கு.